நல்ல பக்கத்தை முதலில் காட்டிய டாக்டர் ஜமீலா

மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. தர்மபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “டாக்டருங்க, சேதி தெரியுமுங்களா? படக்கார டாக்டரம்மா காலைல தவறிட்டாங்க.” எக்ஸ்ரே படமெடுக்கும் ஜமீலாவை ஊர் அப்படித்தான் கூப்பிடும். நான் சேலம் போகவில்லை. பஸ் பிடித்துத் தர்மபுரிக்கே திரும்பினேன். வழியெல்லாம் அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் தீராத வாதங்கள் எவ்வளவோ பாக்கி இருந்தன.

டாக்டர் ஜமீலாவைத் தெரிந்த உங்களுக்கு நான் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரே என்றால் முறிந்த எலும்புக்கும் இருமுகிற நெஞ்சுக்கும்தான் என்று ஊரே நினைத்திருந்த அறுபதுகளில், எங்கள் நர்சிங் ஹோமில் பச்சைக் குழந்தைகளின் வயிற்றைப் படமெடுத்து நோய் சொன்னவர் அவர். நான் குழந்தை வைத்தியன். பக்கத்துப் பக்கத்து அறை. வருஷக்கணக்காகச் சண்டை போட்டோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார்.

முதல் சண்டை ஒரு கலர் சோடா பாட்டிலால் வந்தது. வயிற்று நோயோடு வந்த என் நோயாளிக்கு அவர் கடையில் கலர் வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் குதித்தேன். அவர் அசையவில்லை. “கேஸ் ஏறி வயிறு உப்பட்டும் டாக்டர். அந்தக் காத்து வழியாத்தான் பின்னாடி இருக்கற கிட்னி தெளிவாத் தெரியும். உங்க மிக்ஸ்சர் மருந்தக் குடிச்சா எதுவும் தெரியாது” என்றார். படம் வந்தது. தெரிந்தது.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து மாதம்மாள் தன் மகள் செல்வியைத் தூக்கி வந்ததை இப்போது சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தை. குளிப்பாட்டும்போது இடது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு வயிற்றில் எது வந்தாலும் தின்றது சிக்கிக்கொண்ட தொக்கம் என்று சொல்லி, விளக்கெண்ணெய் போட்டுத் தடவுவார்கள். செல்விக்கும் தடவியாகிவிட்டது. காய்ச்சலில் வீங்கிய மண்ணீரலா, சிறுநீரகத்தில் புற்றுநோயா என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஜமீலா ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் குழந்தையின் வயிற்றில் தளர்வாகச் சுற்றிக் கட்டினார். “இனிமே யாரும் இந்த வயித்துல கை வெக்கக் கூடாது. டாக்டரா இருந்தாலும் சரி” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அது தர்காவில் மந்திரித்த துணி என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவரும் கிட்டே கை கொண்டுபோகவில்லை. “உண்மையைச் சொல்லிடலாமே” என்றேன். “நான் அப்படிச் சொல்லவே இல்லியே. கேட்டா சொல்லிடுவேன். யாராச்சும் கேட்டாங்களா?” என்றார்.

கை நரம்பில் மருந்து ஏற்றினார். அது சிறுநீரகத்தில் இறங்கி, படத்தில் வெள்ளையாக விழும். செல்வி சப்புக்கொட்டிக்கொண்டு கலர் குடித்தாள். வலது பக்கம் மருந்து ஒழுங்காக இறங்கியிருந்தது. இடது சிறுநீரகத்தில் மருந்து விழுந்த வெள்ளைக் கிளைகள் திருகி, நாலா பக்கமும் இழுபட்டுக் கிடந்தன. மண்ணீரலாக இருந்தால் சிறுநீரகத்தை வெளியிலிருந்து தள்ளியிருக்கும், இப்படி உள்ளேயிருந்து குலைத்திருக்காது. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று நெஞ்சையும் படமெடுத்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் பரவவில்லை.

அந்தச் சிறுநீரகத்தை ஆபரேஷனில் எடுக்க வேண்டும் என்றதும் செல்வியின் பெரியப்பா துள்ளினார். “பொட்டப் புள்ளைங்க. ஒரு பக்கத்த அறுத்து எடுத்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? ஊர்ல தடவியே கரைக்கற ஆளு இருக்கு. நாங்க வூட்டுக்குப் போறோமுங்க.” இன்னொரு தடவை தடவினால் கட்டி உடைந்துவிடும். பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது.

புற்றுநோய் என்ற வார்த்தையை நாங்கள் எல்லாரும் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜமீலா விழுங்கவில்லை. ஆனால் அதை முதலில் சொல்லவும் இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மாதம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. இது உம் பொண்ணோட வலது கிட்னி. எவ்வளவு அழகா வேலை செய்யுது பாரு. இது ஒண்ணு போதும், கிழவியாகற வரைக்கும் வாழ்ந்துடுவா. அந்தப் பக்கம் இருக்கறது புத்துநோய்க் கட்டி. இன்னும் எங்கியும் போகல. மெட்ராஸ்ல எடுத்துருவாங்க. தடவுனா மட்டும் நம்ம கையில இருக்காது.”

மாதம்மாள் அந்த வெள்ளைக் கோடுகள்மேல் விரலை வைத்தாள். “இது நெசமா எம் புள்ளையோடதுங்களா?”

“உன் புள்ளையோடதுதாம்மா.”

செல்வியின் பெரியப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை. “மெட்ராசுக்கு வண்டி எப்பங்க?” என்றாள்.

போனாள். கட்டியோடு சிறுநீரகத்தை எடுத்தார்கள். பிறகு கதிர் வைத்தியமும் மருந்தும் நடந்தன. செல்வி பிழைத்துக்கொண்டாள்.

ஜமீலா இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் தாவணி போட்ட ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியப்பா, வந்தவர்களிடமெல்லாம், “எங்க செல்விக்கு ஒத்தக் கிட்னிதானுங்க. அந்தம்மா அப்பவே போதும்னுட்டாங்க” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோதுதான் எனக்கும் கண் நிறைந்தது.

அவரைப் போல எனக்குப் படம் படிக்க வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. இந்த வாரம் பொம்மிடியிலிருந்து ஒரு குழந்தை அதே நோயோடு வந்தது. அப்பாவும் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்தேன். என் விரல் நேராக நல்ல சிறுநீரகத்துக்குப் போனது.