தொளதொளா டெய்லர் வாங்கிய படகு

அந்த டெய்லருக்குத் தெருவில் தொளதொளா என்றுதான் பேர். யார் அளவு கொடுத்தாலும் வளர்கிற பிள்ளைக்குத் தைப்பது மாதிரி விட்டுத் தைப்பார். "இருக்கட்டுமே, உடம்பு வைக்காமலா போயிடும்?" என்பார்.

இத்தனை வருஷமும் ஏரியில் ஓசிப் பாய்மரப் படகில் தனியாகப் போய்வந்த மனுஷன். இப்போது சொந்தமாக ஒன்று, காருக்குப் பின்னால் ட்ரெயிலரில் வைத்து இழுத்துப் போகிற மாதிரி வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை, பெண்டாட்டி கூட வரவேண்டும் என்பது. அவள் அவர் கடையிலேயே பட்டனுக்குக் காஜா எடுக்கிறவள். படகில் இதுவரை கால் வைத்ததில்லை. வசதி செய்து கொடுத்தால் வருவாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

ஏரிக்கரையில் படகு விற்கிறவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று குட்டி. இன்னொன்று உள்ளே ரெண்டு பேர் படுக்கிற அறை வைத்த பெரிசு. டெய்லர் கை தானாகப் பெரிசைத் தடவியது.

அதன் பாய்மரத்தை நிமிர்த்த அவர், விற்கிறவர், மச்சான், வழியே போன மீன்காரர் என்று நாலு பேரும் மூச்சு வாங்கினார்கள். பெண்டாட்டி எல்லார் செருப்புக்கும் காவலாகக் கரையில் நின்றாள்.

"மாமா, இது படகா, வீடு மாத்துறதா?" என்றான் மச்சான்.

"பேசாம பிடிடா. உங்க அக்கா சௌகரியமா உட்காரணும்ல?"

"ஏங்க, நான் உட்காரணும்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?" என்றாள் அவள். "நீங்க நாலு பேரும் பாடுபட, நான் மூட்டை மாதிரி உள்ளே கிடக்கவா? நமக்கு என்ன, இனிமேல் வளர்ற வயசா? அந்தக் குட்டியை இறக்குங்க."

"அதுல நிழல்கூட இல்லையேம்மா."

"தொப்பி போட்டுக்கறேன். கயித்தைக் கொடுங்க."

அவள் இழுக்க, அவர் தூக்க, குட்டியின் பாய்மரம் நிமிர்ந்து நின்றுவிட்டது. ரெண்டு பேரும் ஏறினார்கள். பாய் காற்றைப் பிடித்ததும் அவரிடமிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டாள். படகு நேரே நாணல் புதருக்குள் போய் முட்டியது.

"இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் போகும், அதான் கணக்கு" என்றார்.

"உங்களோட குடும்பம் நடத்தினவளுக்கு இது என்ன புதுசா?"

திருப்பிவிட்டாள். நடு ஏரிக்குப் போனபோது விற்கிறவர் கரையிலிருந்து கைதட்டி, எந்தப் படகை ட்ரெயிலரில் ஏற்றட்டும் என்று கேட்டார். டெய்லர், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு அது காதிலேயே விழவில்லை.

"பெரிசைத் திரும்பக் கொட்டகைக்குள்ளே தள்ளிடுங்க, இதுவே போதும்" என்று குரல் கொடுத்துவிட்டு, அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.