ஆறு வோல்ட் விசிறி

எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கதவின் பிடி, தேநீர்க் கோப்பை, மனைவியின் நெற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். அவருடைய தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. மின்சாரம் கசியும் இடத்தை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடலாம். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே ‘புறங்கை அண்ணன்’ என்றாகிவிட்டது. “கல்யாணத்தன்னிக்கு என் கையை எந்தப் பக்கத்தால தொட்டாருன்னு நீங்களே கேட்டுக்கோங்க” என்பார் மனைவி. அவர் காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் தேடுவார்.

வீட்டு வாசலில் நிற்கிற கார் அவரைவிட மூத்தது. அவர் பராமரித்துவந்த கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததை, “தள்ளிக்கிட்டுப் போயிட்டா புண்ணியம்” என்று அதன் முதலாளி கொடுத்துவிட்டார். நல்ல கனமான தகரம், சோபா போன்ற இருக்கை, ஆறு வோல்ட் பேட்டரி. ஒரு பொழுதுபோக்கு என்றுதான் ஆரம்பித்தார். மனைவிக்குச் சிறுநீரகம் கைவிட்ட பிறகு அது பொழுதுபோக்காக இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். முடிந்து வெளியே வரும்போது அந்த அம்மாளுக்கு எலும்புக்குள்ளிருந்து குளிர் எடுக்கும். கம்பளியை எத்தனை சுற்று சுற்றினாலும் பாதம் இரண்டும் ஐஸ் கட்டிதான். தங்கை தன்னுடைய புதுக் காரை அனுப்புகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அக்கா மசியவில்லை. ஒருமுறை வாடகைக் காரில் வாந்தி எடுத்துவிட்டு, ஓட்டுநர் பேசிய பேச்சைக் கேட்டவர். “வாந்தி எடுத்தாலும் என் வீட்டு வண்டியிலதான் எடுப்பேன்” என்று முடிவு கட்டிவிட்டார்.

குளிர்காலம் வந்ததும் ஆறு வோல்ட் பேட்டரி மக்கர் செய்தது. ஒருநாள் மருத்துவமனை வாசலிலேயே வண்டி கிளம்பாமல், நடுங்குகிற மனைவியை உள்ளே வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களைத் தள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரமே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார். பேட்டரி, டைனமோ, பல்புகள் எல்லாம் மாறின. ஹீட்டரின் விசிறி மட்டும் பாக்கி. எஞ்சினில் காய்கிற வெந்நீரின் சூட்டை உள்ளே ஊதித் தள்ளுவது அதுதான். அதன் சின்ன மோட்டார் ஆறு வோல்ட்டுக்குப் பிறந்தது. இரட்டை மின்சாரத்தைக் கொடுத்தால் கருகிவிடும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

தெரிந்தும், அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து காரில் ஏறிய மனைவியின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்ததும், “ஒரு நிமிஷம் போட்டுட்டு நிறுத்திடலாம்” என்று நேராக இணைத்துவிட்டார். விசிறி பிறந்ததிலிருந்து அப்படி ஊதியிருக்காது. கம்பளியின் ஓரம் படபடத்தது. மனைவி காலை நீட்டினார், பல நாளைக்குப் பிறகு சிரித்தார். லேசான தீய்ந்த வாடை அவர் மூக்குக்கு முதலிலேயே எட்டிவிட்டது. அந்தச் சிரிப்பை நிறுத்த மனம் வரவில்லை. சாலை முனை திரும்பும்வரை ஓடட்டும் என்று விட்டார். முனையில் புகை வந்தது.

அடுத்த தடவை அந்த அம்மாள் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார்.

“குளுரு முடியட்டும். அப்புறம் போயிக்கலாம்.”

“குளுரு முடிய ரெண்டு மாசம் ஆகும்மா. உடம்பு தாங்குமா?”

“அந்தக் கட்டில்ல கெடக்குறதைக்கூடத் தாங்கிக்குவேன். திரும்பி வர்ற வழி இருக்கு பாருங்க, அதுதான் முடியல.”

ஒரு முறை தவறியதற்கே முகம் ஊதிப்போயிற்று. இன்னும் இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றி காயில் கட்டுகிற கடைக்காரர் கருகிய மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள என் விரலே போகாதுங்க” என்று கையை விரித்தார். இந்தக் காலத்துப் பன்னிரண்டு வோல்ட் மோட்டார் எதுவும் அந்தக் குட்டித் தகரக் கூட்டுக்குள் அடங்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக்கடை ஒன்றில், நசுங்கிய வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து அதே இனத்து மோட்டார் ஒன்று கிடைத்தது. “இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க. வேற இல்ல” என்றார் இரும்புக்கடைக்காரர். திரும்பும் வழியெல்லாம் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் போகிற வழியில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டார். வருகிற பன்னிரண்டில் பாதியை அது விழுங்கிக்கொள்ளும், மீதி ஆறுதான் மோட்டாருக்குப் போகும். லிஃப்ட்டுகளில் இந்த மாதிரிச் சாமான் கொதிக்குமென்று கம்பி வலைக்குள் தனியாக, ஆள் அண்டாத இடத்தில் வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இதையும் எஞ்சின் பக்கத்தில், வெளியே தள்ளி மாட்டினார். மோட்டார் ஓடவிட்டுப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மோட்டார் குளுமை, ரெசிஸ்டர் நெருப்பு. திருப்தியாக உள்ளே வந்து மனைவியிடம் சொன்னார்.

“மோட்டார் எவ்வளவு தின்னுதோ அவ்வளவு இதுவும் தின்னுது. ஆனா வேலை ஒண்ணும் செய்யாது. சும்மா சூடாயிக்கிட்டே இருக்கும்.”

மனைவி போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டினார். “சூடா? அதை எங்க வச்சிருக்கீங்க?”

“வெளிய. எஞ்சின் பக்கம்.”

“நான் இங்க வெறச்சுக் கெடக்குறேன். நீங்க சூட்டை ஊருக்கு ஊதி விடுறீங்களாக்கும்.”

இத்தனை வருடத் தொழில் அவருக்குச் சூட்டைத் துரத்தத்தான் கற்றுக் கொடுத்திருந்தது. மறுநாள் காலை எல்லாவற்றையும் கழற்றினார். விசிறிக்கு முன்னால், காற்று போகிற குழாய்க்குள்ளேயே, தகரத்தில் படாமல் பீங்கான் கட்டைகள் மேல் ரெசிஸ்டரை உட்காரவைத்தார். ஊதுகிற காற்றில் அதுவும் கருகாது, அதன் சூடும் வீணாகாது. பெரிய சூடில்லை, ஆனால் எஞ்சின் சூடேறக் காத்திருக்காமல் சாவியைத் திருப்பியதுமே வரும். “இந்த ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்” என்று கெஞ்சித்தான் மனைவியைக் கூட்டிப்போனார். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் திட்டுவது போலத்தான் இருந்தது.

அன்று மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது காருக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. மனைவியின் பற்கள் அடித்துக்கொண்டன. அவர் சுவிட்சைப் போட்டார். விசிறி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, பழைய ஆறு வோல்ட் குரலில் முனகத் தொடங்கியது. போன தடவை போலப் படபடப்பு இல்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டார். முன்பு புகை வந்த அதே முனை திரும்பும்போது அவர் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். தூசி காய்கிற வாடை மட்டும்தான்.

அதைத் தாண்டி ஒரு சிக்னலில் நின்றார்கள்.

“என்னங்க.” கண் திறக்கவில்லை.

“ம்.”

“வியாழக்கிழமை எப்பக் கிளம்பணும்?”

“எப்பவும் போலத்தான்” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, குழாய் அளவுக்கு மேல் சூடாகிறதா என்று பார்க்கக் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் இருட்டில் இடது புறங்கையை நீட்டினார். கையில் தகரம் படவில்லை, மனைவியின் பாதம் பட்டது. எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைக் காற்றுக்குக் கொடுத்திருந்தார். வெதுவெதுவென்று இருந்தது. அவர் கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கையால் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.