பந்தயக் கடையின் வாசற்படி

குதிரைப் பந்தயக் கடைக் கவுன்டரில் பதினோரு வருஷமாகச் சீட்டுக் கிழித்ததில் அவளுக்குக் கவுன்டரம்மா என்றே பேராகிவிட்டது. வாய் கொஞ்சம் நீளம். மனசு இளகியது என்று யாராவது சொன்னால் அடிக்க வருவாள். ஆனாலும் எதிர்த்தெருத் தையற்காரரைக் கண்டால் அவளுக்கு மனசு கேட்காது. மனைவி போனபின் அந்த மனிதருக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. தினமும் மத்தியானம் வருவார், குதிரைமேல் பணம் கட்டுவார், தோற்பார், அவளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். தைக்க வாங்கிய துணிகள் வெட்டாமலே கிடந்தன. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பொறுக்கமாட்டாமல் அவள் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலை தெரிந்தாலே, "சீட்டு அடிக்கிற மெஷின் ஓடலண்ணே" என்பாள். முதலாளி காதில் விழுந்தால் வேலை போயிருக்கும். போனால் போகட்டும் சனியன் என்றிருந்தாள்.

அப்புறம் நாடு முழுமைக்கும் புதுச் சட்டம் வந்தது. அடையாள அட்டை இல்லாமல் யாரும் பந்தயம் கட்ட முடியாது. பந்தயத்தை விட்டொழிக்க நினைப்பவர் ஒரு வருஷத்துக்கோ அஞ்சு வருஷத்துக்கோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அதுவரை எந்தப் பந்தயக் கடையும் அவரை உள்ளே விடக்கூடாது. விட்டால் கடைக்குப் பூட்டு.

ஒருநாள் தையற்காரர் அந்தப் படிவத்தைக் கேட்டார்.

"மெஷின் ஓடலன்னு நீ சொல்றப்பல்லாம் உன் பின்னாடி அது ஓடுற சத்தம் எனக்குக் கேட்கும்மா. எனக்காக இன்னும் எத்தனை நாள் பொய் சொல்லுவ? குடு."

"ஒரு வருஷமா, அஞ்சு வருஷமாண்ணே?"

"அஞ்சு." பேனாவை எடுத்தவர் தயங்கினார். "போட்டுட்டா சும்மா உன்கூடப் பேசக்கூட வர முடியாதா?"

"உள்ள வரக்கூடாதுண்ணே."

அவளுக்கு, போடாதீங்க என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அன்று முழுக்க அவள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் மத்தியானம் வாசற்படிக்கு வெளியே அவர் நின்றார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவோடு முக்காலியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்கதானே உள்ள வரக்கூடாது? நான் வெளிய வரக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. உக்காருங்க."

முக்காலியை அவருக்குப் போட்டுவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். அவர் பையிலிருந்து யாரோ தைக்கக் கொடுத்த சட்டை ஒன்றை எடுத்தார். ஊசியில் நூலைக் கோத்து, பேசிக்கொண்டே பித்தான் வைக்கத் தொடங்கினார்.