யாரும் ஆசைப்படாத வண்டி

வண்டி வாங்கப் போகிறவர்கள் எது வேகமாக ஓடும், எது பார்க்க அழகாக இருக்கும் என்று கேட்பார்கள். நானும் என் கணவரும் ஒரே ஒரு கேள்வியோடுதான் போனோம். எந்த வண்டியை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்ள மாட்டான்?

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் பிரசவம் பார்க்கும் நர்ஸ்; எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிள்ளான் பக்கத்தில் மூன்று ரப்பர் தோட்டங்களுக்கு இனி நீதான் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சிவப்பு முத்திரை குத்திய காகிதம். அதற்கு முன் அந்தத் தோட்டங்களுக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் காரில் போய்வந்தார். அவரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். கார் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரம் ரயிலில் போனேன். ஒரு நாள் காலையில் என் பெட்டியில் நான்கு சிப்பாய்கள் ஏறினார்கள். ஒருவன் எதிரே உட்கார்ந்து, கத்தி உறையின் நுனியால் என் சேலைத் தலைப்பைத் தூக்கித் தூக்கிவிட்டுச் சிரித்தான். வேறொன்றும் செய்யவில்லை. வழியில் பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். மிச்ச தூரத்தை, மருந்துப் பையை மாரோடு அணைத்துக்கொண்டு, வெயிலில் நடந்தே போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையைத் துவைத்துப் போட்டேன்.

"இனிமே ரயில்ல போக மாட்டேங்க" என்றேன்.

கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "சைக்கிள் மிதிச்சுப் போயிட்டு வர்ற தூரமா அது? மோட்டார் வச்சதுதான் பாக்கணும்" என்றார்.

அவருக்குத் தெரிந்த ஒரு சீனர் வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தார். நல்ல சாமான்களைக் கோணிச் சாக்குக்கு அடியில் மறைத்து வைத்திருப்பார். முதலில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைக் காட்டினார். கறுப்புப் பெயின்ட், விளக்கைச் சுற்றி வெள்ளி வளையம். கணவர் அதன் டாங்கியைத் தடவிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்று அந்தத் தடவலிலேயே தெரிந்தது.

"இதை எடுத்தா முதல் சென்ட்ரி காவல்லயே பிடுங்கிக்குவான்" என்றார். அதற்கு மேல் அதன் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது, சுவர் ஓரமாகச் சாய்த்திருந்த ஒரு குட்டி வண்டி. சைக்கிள் மாதிரி பெடல் உண்டு. நடுவில் கைப்பிடி அளவு எஞ்சின். சேலையோடு ஏறி உட்காரலாம். எண்ணெய் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம். துரு ஏறிப்போய், பின் சீட் கம்பி வளைந்து கிடந்தது. பின் சக்கரத்தில் டயரே இல்லை. ரப்பர் குழாயைத் துண்டுபோட்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் ரப்பர் மரம் நின்ற ஊரில் அன்றைக்கு ஒரு டயர் கிடைக்காது.

"மெதுவாத்தான் போகும்" என்று கடைக்காரர் மலாயில் சொன்னார். "மேடு வந்தா இறங்கித் தள்ளணும்."

"சத்தம்?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் பயம்.

அவர் கிளப்பிக் காட்டினார். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். என்னையே தூக்கிப் பார்க்கச் சொன்னார் கணவர். தூக்கினேன். ஒரு சாக்கடையைத் தாண்டி வைக்கும் அளவுக்குத் தூக்க முடிந்தது. "இதுவே போதும்" என்றேன். என் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும், மிச்சமிருந்த ஒன்றிரண்டு பளபளப்பான இடத்திலும் அவர் தாரைப் பூசினார்.

"நிறுத்தினதும் டாங்கிக்கு அடியில இருக்கிற இந்த டேப்பை மூடிடு. பெட்ரோல் ஒழுகும்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். சுகாதார அலுவலகம் போத்தலில் அளந்து தந்த பெட்ரோல் அது.

மறுநாளிலிருந்து அவருடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போனேன். கிள்ளான் பாலத்தில் காவல் நிற்கும் சென்ட்ரியிடம் இறங்கி, இடுப்பு வளையக் குனிந்து, நிமிரச் சொல்லும்வரை குனிந்தே நிற்க வேண்டும். ஒரு நாள் ஒரு சிப்பாய் என் பையைக் கொட்டினான். கத்தரிக்கோலைப் பார்த்ததும் துப்பாக்கியை என் கழுத்துக்கு நேரே நீட்டினான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் மடித்துக் குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவன் துப்பாக்கியை இறக்கியது தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. என் சோப்பை எடுத்துக்கொண்டு வண்டியைக் காலால் ஒரு உதை உதைத்தான். அவ்வளவுதான். வண்டியை அவன் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் தோட்டத்தில் வண்டியின் செயின் அறுந்துவிட்டது. அன்று நோயாளிகளைப் பார்க்கும் மருந்து வீட்டிலேயே தங்கி, கணவருக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். காலை ரயிலில் வந்து சேர்ந்தார். அதற்குள் கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை. அவள் புருஷன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மரவள்ளிக்கிழங்கு அவித்து எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

கணவர் மருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து செயினைச் சரிசெய்து முடித்த நேரம், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஓடிவந்தார்.

"மிஸ்ஸி, ஆள் பிடிக்கிறாங்க! சயாமுக்கு! அண்ணனை உள்ள போகச் சொல்லுங்க!"

உள்ளே போக நேரமில்லை. லயத்தின் இரண்டு கோடியிலும் சிப்பாய்கள் நின்றார்கள். நடுவில் லோரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் கொண்டுபோகிறார்கள் என்பதும், போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வருவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ரயில்வே ஆளைப் பிடிக்க மாட்டார்கள்; ஆனால் அதைக் காட்ட என் கணவர் கையில் கட்ட வேண்டிய ரயில்வே பட்டை அன்று அவரிடம் இல்லை. வேலை முடிந்ததும் அதைப் பட்டறையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

தலைவன் மாதிரி இருந்த சிப்பாய் அவரைக் கைகாட்டினான்.

"இவர் மிஸ்ஸியோட மெக்கானிக்" என்று கிராணி மலாயில் சொன்னார். "இவர் இல்லேன்னா வண்டி ஓடாது. வண்டி ஓடலேன்னா மிஸ்ஸி வர முடியாது."

சிப்பாய் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஜாலான்!" என்று கத்தினான். ஓட்டிக் காட்டு என்று அர்த்தம்.

வண்டி ஓடினால் மெக்கானிக் தேவையில்லை. அவரை ஏற்றிவிடுவார்கள். கணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், தமிழில் மெதுவாகச் சொன்னார்: "டேப்பைத் திறக்காதே."

ஏறி மிதித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே தங்கியிருந்த கொஞ்சம் பெட்ரோலில் வண்டி என்றைக்கும் இல்லாத ஒழுங்கோடு ஓடியது. லயத்தின் பாதியைத் தாண்டிவிட்டேன். நின்று தொலை, நின்று தொலை என்று வாய்விட்டே சொன்னேன். திருப்பிக்கொண்டு வரும்போது, இரண்டு சிப்பாய்கள் கணவரின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. அவர்களுக்குப் பத்தடி முன்னால் எஞ்சின் இருமி நின்றது. மிதித்தேன். கிளம்பவில்லை. மறுபடியும் மிதித்தேன்.

சிப்பாய் ஏதோ சொன்னான். கணவரை விட்டார்கள். அவர் வந்து மண்டியிட்டு, பிளக்கைக் கழற்றி ஊதி, திரும்பப் பூட்டி, யாரும் பார்க்காமல் டேப்பைத் திறந்தார். "மிதி" என்றார். வண்டி கிளம்பியது. சிப்பாய் காறித் துப்பிவிட்டு, அங்கேயே இரு என்று அவருக்குக் கைகாட்டினான்.

அப்போதுதான் லோரியைப் பார்த்தேன். காலையில் கிழங்கு கொண்டுவந்தவர் அதில் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்ஸி" என்று கூப்பிட்டார். "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்ஸி."

நான் சொல்லவில்லை. எதையாவது சொன்னால் என் கணவரையும் திரும்ப இழுத்துக்கொள்வார்கள் என்று பயம். தலையைக் குனிந்துகொண்டேன். லோரி போகும்வரை குனிந்தே இருந்தேன்.

மூன்றாம் நாள் குழந்தையின் தொப்புளைப் பார்க்கப் போனபோது, "அவரு சாப்பிட்டிருப்பாரா மிஸ்ஸி?" என்று பிள்ளை பெற்றவள் கேட்டாள். சாப்பிட்டிருப்பார் என்றேன். அவர் என்னைக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அந்த லயத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டு வாசல் வந்ததும் வண்டியை வேகமாக மிதித்தேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்ப வந்த சில வாரத்தில், ஜப்பான்காரன் காலத்தில் பதியாமல் விட்ட பிறப்பைப் பதிவு செய்ய அவள் பையனைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் ஆபீசுக்கு வந்தாள். பிரசவம் பார்த்தவள் என்று சாட்சிக் கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு லோரியிலேர்ந்து உன் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டாரு. நான் பேசல. பயந்துட்டேன்."

அவள் பையனின் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும் மிஸ்ஸி. கிராணி அன்னிக்கே சொன்னாரு. நீங்க எப்போ சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். குமாஸ்தா தகப்பன் பெயரை எழுதிக்கொண்டு, நிமிராமல், "இருக்காரா, இறந்துட்டாரா?" என்று கேட்டார்.

"சயாமுக்குப் போயிருக்காரு" என்றாள்.

குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியே எழுதுங்க" என்றேன்.