யாரும் எடுக்காத தொலைபேசிகள்

16.6.2003 – பழைய கணினி, அச்சுப்பொறி: ரூ. 14,000
30.6.2003 – நாற்பது கடிதங்களுக்குத் தபால் செலவு: ரூ. 400
31.8.2003 – அதுவரை வரவு: இல்லை
7.10.2003 – முதல் வரவு: ரூ. 1,200
1.1.2004 முதல் – கரோல் பாக் வீட்டு வாடகை, மாதம்: ரூ. 4,500

இந்தக் கணக்கு லீலாவதியுடையது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. தில்லி கரோல் பாக்கில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். 2002-இல் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கணவர் சிவஞானம் மத்திய அரசில் எழுத்தர். இதய நோய் காரணமாக 2003 ஏப்ரல் 30 அன்று முன்கூட்டியே ஓய்வு பெற்றார். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் டிசம்பர் 31 வரை இருக்க அனுமதி கிடைத்தது. நான் அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்தேன்.

சிவஞானத்துக்குத் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எண்ணம். அங்கே தம்பி வீட்டு மாடி காலியாக இருந்தது. ஆனால் மகள் பிரியதர்ஷினி அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள்.

“ஊர்ல பள்ளிக்கூடமா இல்ல? போயிருவோம்லா. இங்க கெடந்து என்ன செய்ய?” என்றார் சிவஞானம்.

“அப்பா, எனக்கு அங்க பஸ் போர்டே படிக்கத் தெரியாது” என்றாள் மகள். “கிளாஸ்ல எல்லாரும் ஹஸ்ப்பாங்க.”

“சிரிப்பாங்கன்னு சொல்லு, மொதல்ல.”

“அதான் சொல்றேன்ல.”

கடைசியில் லீலாவதி ஓர் ஏற்பாடு சொன்னார். ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். புது வீட்டு வாடகையை லீலாவதி முழுதாகச் சம்பாதித்துவிட்டால் மகள் படிப்பு முடியும்வரை தில்லியில் இருப்பது. முடியாவிட்டால் டிசம்பரில் ரயில் ஏறுவது. சிவஞானம் ஒப்புக்கொண்டார். மனைவியால் முடியாது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டார்.

மறுபடி ஓர் அலுவலகத்தில் போய் உட்கார லீலாவதியால் முடியாது. கணவருக்கு வேளைக்கு மருந்து கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும். வெளிநாட்டில் சிலர் வீட்டிலிருந்தே பலருக்குச் செயலாளராக வேலை செய்கிறார்கள், அதற்கு ‘விர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்று பெயர் என்று இணைய மையம் ஒன்றில் படித்திருந்தார். கடிதம், மின்னஞ்சல், பயண முன்பதிவு, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, எல்லாமே பதினான்கு ஆண்டுகள் செய்தவைதான். ஆட்களைப் பிடிப்பதுதான் தெரியவில்லை.

அரசு ஊழியர் வீடுகளில் எதையாவது கேட்பதென்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி, விண்ணப்பம். லீலாவதியும் அதைத்தான் செய்தார். தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்து நாற்பது சிறு நிறுவனங்களின் முகவரிகளை எடுத்தார். ‘மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் சமர்ப்பிப்பது’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, தந்தை பெயர், பிறந்த தேதி, கல்வி, அனுபவம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களின் நகல்களையும் இணைத்தார். நகல்களுக்குக் கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் வேண்டுமென்று மாடியிலிருந்து இறங்கி வந்தார். எண்பது நகல்களிலும் நான்தான் கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். அது தேவையில்லை என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டு முடிவதற்குள் ஆறு பதில்கள் வந்தன. ஐந்தில் தற்போது காலியிடம் இல்லை என்றிருந்தது. ஆறாவது ஓக்லா நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த நேர்காணல் அழைப்பு. வீட்டிலிருந்துதான் வேலை செய்வேன் என்று லீலாவதி தொலைபேசியில் சொன்னதும் அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

“வேகன்ஸி இல்லைங்காம்லா” என்று சிவஞானம் ஒவ்வொரு கடிதத்தையும் உரக்கப் படித்தார். “நீ வேகன்ஸியே கேக்கலியே. பெறவு எதுக்கு இல்லைங்கான்?”

செப்டம்பர் 22 அன்று ஏழாவது பதில் தொலைபேசியில் வந்தது. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு, துண்டு விற்கும் கரோல் பாக் மொத்த வியாபாரி சேத்தி. இந்தியில் பேசினார்.

“பெஹன்ஜி, உங்க பயோடேட்டா ரொம்ப நல்லா இருக்கு. அப்பா பேரு, பிறந்த தேதி, சர்க்கார் முத்திரை எல்லாம் இருக்கு. என் பையனுக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரியே இருந்தது. என் வீட்டுக்காரிகிட்டகூடக் காட்டினேன்.”

“அது வேலைக்குப் போட்ட கடிதம்” என்றார் லீலாவதி.

“கோபப்படாதீங்க. எனக்கு நீங்க என்ன செய்வீங்க, எவ்வளவு வாங்குவீங்க? ரெண்டு பக்கத்தில அது எங்கேயும் இல்லையே.”

“நாளைக்கு நேரில் வந்து சொல்றேன், பாய் சாஹப்.”

“வாங்க. ஆனா கடையில உங்களுக்குப் போட நாற்காலி கிடையாது.”

“நாற்காலி வேண்டாம்னுதான் கடிதமே எழுதினேன்.”

மறுநாள் போனார். சேத்தி ஒரு வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். லீலாவதி துணிப் பொதி ஒன்றின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். அந்த நேரத்தில் மேசைத் தொலைபேசி நான்கு முறை அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. “அடிக்கட்டும், வேணும்னா மறுபடி பண்ணுவான்” என்றார் சேத்தி. பக்கத்தில், துபாய் ஓட்டல் ஒன்று விலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி கிடந்தது. வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. லீலாவதி அதை எடுத்து, விலைகளை அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, தெருமுனை இணைய மையத்தில் பதில் அனுப்பிவிட்டு, நகலோடு திரும்பி வந்தார்.

“அச்சா. இதுக்கு எவ்வளவு?”

லீலாவதி அதுவரை யாரிடமும் விலை சொன்னதில்லை. “மாசம் ஆயிரத்து இருநூறு. தினமும் உங்க மின்னஞ்சலைப் பார்த்துப் பதில் போடுவேன். நீங்க கடையில இல்லாத நேரம் போனை என் வீட்டுக்குத் திருப்பிவிடுங்க.”

சேத்தி அக்டோபர் 7 அன்று முதல் மாதப் பணத்தை முன்னதாகவே கொடுத்தார்.

அதற்குப் பிறகு லீலாவதி விண்ணப்பம் எழுதவில்லை. ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் போடுவதற்கு முன் அதன் எண்ணுக்கு வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை அழைப்பார். யாராவது எடுத்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார். மூன்று முறையும் எடுக்காதவர்களுக்கு மட்டும் அரைப் பக்கக் கடிதம் போகும்: ‘செவ்வாய் காலையும் புதன் மாலையும் வியாழன் பகலும் உங்களை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நான் வாடிக்கையாளராக இருந்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பேன். உங்கள் அழைப்புகளுக்கு நான் பதில் சொல்கிறேன். கட்டணம் இவ்வளவு.’

சிவஞானத்துக்கு இது பொறுக்கவில்லை. “விலை எழுதியா அனுப்புதே? கடைக்காரி மாதிரி?”

“கடைக்காரிதான். அந்த அஞ்சாவது நம்பரைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க, எனக்குச் சேத்தி கடை மெயில் இருக்கு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே எண்களைச் சுழற்றினார். யாராவது ‘ஹலோ’ என்றால் பதறிப்போய் “ராங் நம்பர்ஜி” என்று வைத்துவிடுவார். எடுக்காவிட்டால் அவருக்கு நிம்மதி. ஒரு வாரத்தில் அந்த வேலை முழுதும் அவருடையதாகிவிட்டது.

எல்லோரும் அந்தக் கடிதத்தை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வழக்கறிஞர் அழைத்து, “என் ஆபீசை வேவு பார்க்கிறீங்களா?” என்று கத்தினார். “வேவு இல்லை சார். மூணு தடவை கூப்பிட்டேன், இப்பதான் உங்க குரலையே கேட்கிறேன்” என்றார் லீலாவதி. அந்த வழக்கறிஞர் வாடிக்கையாளர் ஆகவில்லை. லாஜ்பத் நகரில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவர் ஒருவர் மாதம் தொள்ளாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். ஒரு கட்டட வரைபடக்காரர் ஆயிரத்துக்கு வந்தார். நவம்பர் முடிவில் மொத்தம் மூவாயிரத்து நூறு. வாடகைக்கு இன்னும் ஆயிரத்து நானூறு குறைந்தது.

அதற்குள் சிவஞானம் டிசம்பர் 29-க்கு மூன்று ரயில் டிக்கெட்டுகள் எடுத்து வைத்திருந்தார். கரோல் பாக் வீட்டுக்காரர், டிசம்பர் 25-க்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகச் சொன்னார்.

கடிதம் கண்டு வரச் சொன்னவர்களில், கனாட் பிளேஸில் பயண முகமை நடத்திய மிஸஸ் பல்லா மட்டும் மிச்சம். டிசம்பர் 8 அன்று லீலாவதி அவரைப் போய்ப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மாள். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. பிரியதர்ஷினி தன் புத்தகங்களை இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கயிறு கட்டினாள். யாரும் அவளை அடுக்கச் சொல்லவில்லை. சிவஞானம் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 16 மாலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“லீலா, அந்தப் பல்லா அம்மா நம்பரை இன்னைக்கு மட்டும் அஞ்சு தடவை போட்டேன். ஒருத்தனும் எடுக்கல.”

“உங்களை யாரு போடச் சொன்னா? டிக்கெட் எடுத்து வச்சிருக்கீங்களே.”

“டிக்கெட்டை கேன்சல் பண்ணா கொஞ்சந்தான் பிடிப்பான். நீ எழுது. கிறிஸ்மஸ் லீவுக்கு டிக்கெட் கேக்கவனும் இப்படித்தான அடிச்சிட்டுப் போயிருப்பான், அதையும் சேத்து எழுது.”

அன்றிரவே எழுதினார். நான்கு வரிகள். ஐந்து அழைப்புகளின் நேரமும், கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் இருந்தன. கட்டணத்தைக் குறைக்கவில்லை. காலையில் சிவஞானமே போய்த் தபாலில் சேர்த்தார்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சம்மதம் என்றும், அன்று காலை முதலே தொலைபேசியைத் திருப்பிவிடுவதாகவும் மிஸஸ் பல்லா எழுதிய கடிதம் 2003 டிசம்பர் 22, திங்கட்கிழமை வந்தது.