மைக் செட்காரி சைகல்

கைகளை ஒரு முறை ஓங்கித் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள் சைகல். கல்யாண மண்டபத்தின் மறுகோடிச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வருகிறது. திருப்தியில்லை. நாலடி தள்ளிப் போய் இன்னொரு தட்டு. மேசைகளில் பொர்சோக் பலகாரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"யாரைக்கா கூப்பிடறீங்க?"

"சுவரைத்தான். உங்களை மாதிரி இல்ல. கூப்பிட்டா பதில் சொல்லுது."

மலைகள் சூழ்ந்த நாரின் நகரத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. வயது ஐம்பத்தொன்று. குள்ளமான உருவம், வேகமான நடை, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பல் துலக்கும் பிரஷ். அது பல்லுக்கு இல்லை, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் சேரும் தூசிக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். கணவாய்க்கு அப்பாலிருந்து காற்றும் இரைச்சலுமாக வரும் குரலை எப்படியோ பிரித்தெடுத்து, "பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடுச்சாம், பையனாம், எடை நல்லா இருக்காம்" என்று இந்தப் பக்கம் திருப்பிச் சொல்வாள். ஊரில் பாதிப் பேருடைய நல்ல சேதியும் கெட்ட சேதியும் அவள் வாய் வழியாக வந்தவைதான். கைபேசி வந்தது, நிலையத்தைப் பூட்டினார்கள். அவள் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய் தொர்தோய் சந்தையில் ஒரு மைக் செட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்தச் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக்ஸரின் நெற்றியில் உலகப் புகழ்பெற்ற ஒரு பெயர் தங்க நிறத்தில் மின்னும். கிட்டப் போய்ப் படித்தால் ஓர் எழுத்து குறையும். "அந்த ஒரு எழுத்துக்குத்தான் பத்து மடங்கு விலை வாங்குறாங்க" என்பாள் சைகல். பன்னிரண்டு மைக் சொருகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஏழும் எட்டும் முதல் வருடமே செத்துவிட்டன. மீதிக் குமிழ்களில் நிற நிறமாகக் கம்பளி நூல் சுற்றியிருக்கும். பச்சை வரைக்கும் போகலாம், சிவப்பைத் தாண்டினால் கரகரக்கும், மஞ்சளைத் தொட்டால் கீச்சிடும். ஒவ்வொரு நூலும் ஏதோ ஒரு கல்யாணத்தில் மானம் போய்க் கற்றுக்கொண்ட பாடம்.

பாட்டுக்காரர்கள் அந்தச் செட்டுக்கு வைத்த பெயர் தகர டப்பா. பிஷ்கெக்கிலிருந்து வந்த பாடகன் ஒருவன், "அக்கா, இதுல டீ போட முடியுமா?" என்று கேட்டான். "போடலாம். உன் தொண்டைக்கு டீ மட்டும் பத்தாதே" என்றாள். சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அவன் மைக்கின் குமிழை ஏற்றுவதும் இறக்குவதுமாக நிலைகொள்ளாமல் இருந்தாள். டப்பாவைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. டப்பா சரியில்லையோ என்ற நினைப்பும் அவளை விட்டதில்லை.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் அவள் மிக்ஸருக்குப் பின்னால் உட்காரமாட்டாள். கடைசி மேசை, சமையல்கட்டு வாசல், கோட்டுகள் தொங்கும் மூலை என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். காது கேட்காத ஒரு கிழவரின் நாற்காலியோரம் குனிந்து, அவர் உயரத்துக்குத் தலையை வைத்துக் கேட்பாள். பிறகு விடுவிடுவென்று ஓடிவந்து ஒரு குமிழை மயிரிழை திருகுவாள். மறுபடி ஓடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் குபானிச் கோமுஸ் என்ற தந்தி வாத்தியம் வாசிக்க வந்தான். நாற்பது வயதுக்குள் நாடு முழுக்கப் பெயர் வாங்கியவன். மூன்று தந்தியில் குதிரையை ஓடவும் வைப்பான், மூச்சு வாங்கவும் வைப்பான். அவன் மெல்லிய இடத்துக்கு வந்து, மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. தடித்த, விடாத உறுமல். குபானிச் விரலை நிறுத்தினான். சைகலைப் பார்த்தான். கோமுஸை உறையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"சமோவார்தான் காரணம்!" என்று அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தாள் சைகல். "என் லைன்லயே டீத்தண்ணி கொதிக்கிற கரண்ட் சமோவாரைச் சொருகியிருந்தாங்க. உறுமாம என்ன செய்யும்?" கடையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் மைக்குகளையும் வயர்களையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் உருக்கிப் புதிதாக ஒட்டினாள். ஸ்பீக்கர் பெட்டியின் பின்தகட்டை மட்டும் திறக்கவில்லை. நான்கு முறை திருப்புளியை எடுத்து வைத்தாள், நான்கு முறையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். சமோவார் என்றுதான் முடிவாகிவிட்டதே. திறந்து பார்த்து ஏதாவது இருந்து தொலைத்தால்? அதன் பிறகும் குளிர் நாட்களில் எப்போதாவது பெட்டி லேசாக உறுமும். உடனே சுற்றுமுற்றும் பார்த்து ஒரு சமோவாரைக் கண்டுபிடித்துவிடுவாள். அந்த ஊரில் சமோவார் இல்லாத இடம் ஏது?

அவளைக் கூப்பிடும் கல்யாணங்கள் குறைந்தன. இந்த வருடம் நோருஸ் வசந்தப் பண்டிகைக்கு முன்னால் கலாசார மாளிகையின் நிர்வாகி குல்பார்ச்சின் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"குபானிச் குழு வருது. அவங்களே எல்லாம் கொண்டு வராங்க. நீ மைதானத்துப் பின்னால குதிரைப் போட்டி அறிவிப்பை மட்டும் பாத்துக்க. அதுவும் உறுமிச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து வேற ஆளு. என்மேல வருத்தப்படாத."

"வருத்தமென்ன? உறுமாது" என்றாள் சைகல். வீடு போய்ச் சேருவதற்குள் அதை மூன்று விதமாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பண்டிகை நாள் காலை. வெயில் இருந்தும் தண்ணீர் உறையும் குளிர். ஆற்றோரத் திடலில் பிஷ்கெக் லாரி நின்றது. ஒலி பார்க்கும் அதிலெத் என்ற இளைஞன் கூடாரத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மிக்ஸரில் குமிழே அதிகமில்லை, எல்லாம் கண்ணாடித் திரை. சைகல் அதை மூன்று முறை சுற்றி வந்தாள்.

குபானிச் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "அந்தத் தகர டப்பா இன்னும் உயிரோட இருக்கா, அக்கா?"

"இருக்கு தம்பி. ஒரே ஒரு உதவி செய்ங்க. அதுல ஒரு நிமிஷம் வாசிங்க, இதுல ஒரு நிமிஷம் வாசிங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். எது எதுன்னு சொல்லாதீங்க."

அதிலெத் சிரித்துவிட்டான். குபானிச் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சை இன்றோடு முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கும். சைகலின் மைக்கையும் பெட்டியையும் மேடையோரம் கொண்டுவரச் சொன்னான். இரண்டிலும் ஒரே மெட்டை வாசித்தான். இருபதடி தள்ளி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள் சைகல்.

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டாவது." உடனே சொன்னாள். "தந்தியில விரல் உரசுற சத்தம்கூட வருது. முதல்ல வாசிச்சதுல அது வரல." கண்ணைத் திறந்தாள். "முதல்ல வாசிச்சது என்னுதுதானே?"

"ஆமாம்" என்றான் குபானிச். சண்டைக்குத் தயாராக வந்தவன் தந்தியை முறுக்கத் தொடங்கினான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைகல் திடலின் பின்பக்கம் போனாள். அங்கே போட்டிக்கு வந்த மேய்ப்பர்கள் குதிரை மேல் இருந்தார்கள். மேடையின் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனால் குதிரைகள் மிரளும், அதனால் கிட்ட வர வழியில்லை. மேடையில் குழுவை வாசிக்க வைத்து அதிலெத் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே வரும்போது கோமுஸ் வெறும் தட்டல் சத்தமாகத்தான் இருந்தது. காற்று அதையும் ஆற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

சைகல் திரும்பக் கூடாரத்துக்கு ஓடினாள். "தம்பி, பின்னால ஒண்ணுமே கேக்கல. உங்க மேசையிலேருந்து எனக்கு ஒரு வயர் குடுங்க. என் பெட்டி அங்கேதானே இருக்கு, சின்னதா வெச்சு விடறேன்."

"அந்த டப்பாவை இதுல சொருகறதா? முன்வரிசைக்கு நல்லாத்தான் கேக்குது, அக்கா."

"முன்வரிசையில இருக்கறவங்க மாலையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிப் போயிடுவாங்க. பாட்டுக் கேக்க வந்தவங்க பின்னாலதான் இருக்காங்க."

கோமுஸின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்த குபானிச் தலை தூக்காமலே சொன்னான்: "குடு."

நண்பகலுக்கு அவன் வாசிக்க ஆரம்பித்தான். சைகல் பெட்டியைப் பச்சை நூலுக்கும் கீழேயே வைத்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது. பேசிக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தொப்பிக் காதுகளை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார் ஒரு கிழவர். மூன்று தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. சைகல் குதிரைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடந்து கேட்டாள். இடது ஓரத்தில் சரி. வலது ஓரத்தில் சரி. மெட்டு அடங்கி மெல்லிய இடத்துக்கு வந்தது.

பெட்டி உறுமத் தொடங்கியது.

பத்தடி தள்ளி டீக்கடை. மேசையில் மின்சாரச் சமோவார். அதன் வயர் சைகலின் லைனில்தான் சொருகியிருந்தது. பாய்ந்து போய்ப் பிடுங்கினாள்.

"அடியே, இப்பத்தான் கொதிக்க ஆரம்பிச்சுது!" என்று கத்தினாள் டீக்காரி.

உறுமல் நிற்கவில்லை.

பிடுங்கிய வயர் கையில் இருக்க, சைகல் அப்படியே நின்றாள். அந்த நிற்பு இரண்டு மூன்று விநாடிகூட இருக்காது. ஆனால் அதற்குள் இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொன்னது முழுக்க அவள் காதிலேயே வந்து விழுந்தது. வயரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியின் பின்னால் மண்டியிட்டாள். தகட்டைத் தட்டினாள், தடவினாள். வலது மூலையில் அழுத்தியபோது உறுமல் நின்றது. எடுத்தாள், வந்தது. கையுறையோடு அழுத்தினால் இடம் தவறியது. கழற்றி எறிந்துவிட்டு வெறும் உள்ளங்கையை வைத்தாள். தகடு முதலில் பனிக்கட்டியாகச் சுட்டது. போகப் போக உள்ளே சூடேறி வேறு விதமாகச் சுட்டது. அவள் அசையவில்லை.

தொப்பிக் கிழவர் குதிரை மேலிருந்து குனிந்தார். "என்னம்மா மகளே, பெட்டி ஓடிப் போயிடும்னா இப்படிப் பிடிச்சிட்டு இருக்க?"

"வாயை மூடிட்டுப் பாட்டைக் கேளுங்க பெரியவரே."

அவர் கேட்டார். மெட்டு முடியும் வரை அவள் கையும் அங்கேயே இருந்தது.

பிறகு மேடையில் அதிகாரிகள் பேச ஆரம்பித்தார்கள். சைகல் பெட்டியை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கோமுஸைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு குபானிச் கூட்டத்தைச் சுற்றி நடந்து வந்தான். நல்ல காது. அவ்வளவு தூரத்திலும் அவனுக்குக் கேட்டிருந்தது.

"உறுமிச்சே, அக்கா."

"ஆமாம்."

அவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். "என்ன, சமோவாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சமோவார் கண்ணெதிரே இருந்தது. வயர் தரையில் கிடந்தது. டீக்காரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பியிருப்பார்கள்.

"இல்ல தம்பி. பிடுங்கிப் பாத்தேன், நிக்கல. பெட்டிதான். அன்னிக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். நான்தான் திறந்து பாக்கல. ஊரெல்லாம் சமோவார் சமோவார்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

குபானிச் பெட்டியின் பின்னால் உட்கார்ந்தான். "போடுங்க." அவள் பெட்டியின் பொத்தானைப் போட்டாள். அது உறுமியது. அவன் தகட்டில் கை வைத்தான். "இங்கயா?"

"கொஞ்சம் கீழ. இன்னும் வலது பக்கம்."

உறுமல் நின்றது. கையை எடுத்தான், வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தான். எழுந்து உள்ளங்கையைக் கோட்டில் தேய்த்துக்கொண்டான். சைகல் பெட்டியை நிறுத்தினாள்.

"இதைத் தூக்கிப் போடுங்க, அக்கா."

"போடறேன். இன்னிக்கு இல்ல."

"ஏன்?"

சைகல் தாடையால் பின்பக்கம் காட்டினாள். மேய்ப்பர்கள் குதிரைகளை விட்டு இறங்காமல், எங்கும் போகாமல், மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாளரின் குரல் ஒரு வார்த்தைகூட அவர்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த மெட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மேடையிலிருந்து குபானிச்சின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் மேடைக்குப் போனான். சைகல் கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள்.

குபானிச் நாற்காலியில் உட்கார்ந்து கோமுஸை மடியில் நிறுத்தினான். ஆனால் தொடங்கவில்லை. கூடாரத்திலிருந்து அதிலெத் கையை ஆட்டினான். தொடங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். குல்பார்ச்சின் பதறிப்போய் மேடைப் படியருகே வந்தாள். வலது கையைத் தந்திகளுக்கு மேலே தூக்கி நிறுத்தியபடி, அவன் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, திடலின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையும் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் சைகலுக்குப் புரிந்தது. அவசரமாகப் பொத்தானைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, தகட்டின் வலது மூலையில் உள்ளங்கையை அழுத்தினாள்.

அவன் விரல்கள் தந்தியில் இறங்கின.