பவுசியா கடை மேல்மாடிக்கு யார் அனுமதி தருவது?

என் பள்ளித் தோழி பவுசியா தன் கடையின் மேல்மாடியைக் கழற்றப்போவதாகப் போனில் சொன்னாள். மழைக் காலம் தொடங்கும் முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பள்ளியில் கடைசி இரண்டு வருடம், உயர்தரம் படித்த காலத்தில், மழையால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஓடாத நாட்களில் நான் தங்கியது அந்த மாடியில்தான். பலகைத் தரை, தகரக் கூரை, பஜாரைப் பார்த்த ஒரு ஜன்னல். நாங்கள் சத்தமாகச் சிரித்தால் அவளுடைய வாப்பா கீழே கடையிலிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் பலகையைத் தட்டுவார்.

இடம் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு சிறு பஜார். பெயரைப் போட வேண்டாம் என்று பவுசியா சொல்லிவிட்டாள். கொழும்பு புறக்கோட்டையில் காலை ஆறு மணிக்கு ஹட்டன் பஸ் பிடித்தேன். கினிகத்தேனை வழியாக ஐந்து மணி நேரம். ஹட்டனில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தலவாக்கலைக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து பூண்டுலோயா பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவில் போனேன். பாதி வழியில் மலை அப்படியே சிவப்பாகப் பிளந்து கிடந்தது.

"இந்த வளைவுல மழ நேரம் வண்டிய நிப்பாட்டவே மாட்டேங்க" என்றார் டிரைவர். "போன மழையில மண்ணு வந்து ரோட்டையே மூடிருச்சு. நாங்க மூணு நாளா அங்கிட்டு நிக்கிறோம், இங்கிட்டு வர முடியல."

பவுசியா கடை வாசலிலேயே நின்றாள். முடி நரைத்துவிட்டது, குரல் மாறவில்லை. "வாடி. மாடிக்கு ஏறு, அப்புறம் பேசலாம்."

மேலே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி விஷயத்தைச் சொன்னாள். பழைய மாடியைக் கழற்றிவிட்டு இரண்டு மாடி கொங்கிரீட்டில் கட்ட வேண்டும். தோட்டங்களிலிருந்து உயர்தரம் படிக்க வரும் பெண் பிள்ளைகள் தங்க அறைகள் போட வேண்டும். உள்ளூர் சபை பிளானுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் மண்சரிவு பார்க்கும் அரச அலுவலகத்தின் அனுமதியும் வேண்டுமாம். அவர்களுடைய வரைபடத்தில் பஜார் முழுக்கச் சிவப்பு, அதாவது அபாயப் பகுதி.

"நீ அன்னிக்கு இங்க படுக்கலன்னா பரீட்ச எழுதிருப்பியாடி?" என்று கேட்டாள். எழுதியிருக்க மாட்டேன். பிறகு பழைய கணக்கு வாத்தியார் மாதிரி அவள் பேசிக் காட்ட, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கீழேயிருந்து யாரும் தட்டவில்லை. வாப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

மறுநாள் காலை சபை மெம்பரும் அரச அலுவலகத்துப் பொறியியலாளரும் ஒன்றாகவே வந்தார்கள். பொறியியலாளர் இளம் சிங்களப் பெண். ஊரில் எல்லோருக்கும் 'மிஸ்'.

மெம்பர்தான் ஆரம்பித்தார். "மிஸ், எல்லாத்தையும் கொழும்புலயே முடிவு பண்ணா, ஓட்டு வாங்கிட்டு நாங்க எதுக்கு ஒக்காந்திருக்கோம்? இந்த மண்ணு எங்களுக்குத் தெரியாதா?" அதையே சிங்களத்திலும் சொன்னார்.

மிஸ் கோபப்படவில்லை. மழைக்குப் பிறகு ஆட்களைத் தோண்டி எடுத்த இடங்களில் தானும் நின்றதாகச் சிங்களத்தில் சொன்னார். சபையில் முறையாக அனுமதி வாங்கிக் கட்டிய வீடுகளும் அங்கே இருந்தனவாம்.

இருவர் பேச்சும் ஏறிக்கொண்டே போனது. பவுசியா சட்டென்று எழுந்து எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மலையைத் தாங்கும் கல் சுவரில் சாத்தியிருந்த சாக்குகளை இழுத்துப் போட்டாள். சுவர் வயிறு மாதிரி முன்னால் தள்ளி நின்றது.

"போன மழையில வந்தது. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பிளான் போயிரும்னு பயம்." மெம்பரைப் பார்த்தாள். "ராத்திரி யோசிச்சேங்க. நீங்க விட்டாலும் நான் கட்ட மாட்டேன். அடுத்தவங்க புள்ளைங்கள இதுக்குக் கீழ எப்படிப் படுக்க வைக்கிறது?"

பிறகு மிஸ்ஸிடம் சிங்களத்தில் கேட்டாள்: "இங்கே கூடாது, சரி. எங்கே கட்டுவது? அதைச் சொல்லுங்கள்."

மிஸ் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். சுற்றியுள்ள காலிச் சமதரை எல்லாம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அதைக் கொடுக்கும் அதிகாரம் சபைக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. "இதத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் மெம்பர், இப்போது தணிந்த குரலில். சுவரையும் வடிகாலையும் முதலில் சரிசெய்ய வேண்டும், மேல்மாடியைக் கழற்றிவிட்டுக் கடை கீழ்த்தளத்தோடு நிற்கட்டும் என்று மிஸ் எழுதினார். தோட்டப் பாடசாலைக்குப் பக்கத்து நிலத்துக்காக இருவரும் அவரவர் மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிப் போனார்கள்.

அன்று மத்தியானமே பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தோம். முதல் ஆணி வரும்வரை நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: தலவாக்கலைக்கு அப்பால் மாலை நாலு மணிக்குப் பிறகு பஸ்ஸை நம்ப வேண்டாம். தங்கும் அறையின் ஜன்னல் காட்சியைப் பார்க்கும் முன் கட்டடத்தின் பின்பக்கம் போய் மலையைப் பாருங்கள். ஊரில் சொந்த வீட்டைத் திருத்த நினைப்பவர்கள், சபை ஒப்புதல் கிடைத்ததும் கல் இறக்காதீர்கள். மண்சரிவு அனுமதியை முதலில் கேளுங்கள்.

நிலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ரோட்டுக்குக் கீழே சமதரையில் இருக்கும் பவுசியாவின் வீட்டு ஹாலில் இப்போது நான்கு பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பாய் விரிக்க இடமில்லை. "டிவி பாத்து ரெண்டு மாசம் ஆச்சுடி" என்று நேற்றுப் போனில் புலம்பினாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஏய், படிங்க!" என்று அவள் போட்ட அதட்டலில் கொஞ்சமும் கோபம் இல்லை.